ஈசீஜி தாளும் இரத்தக்கட்டியும்

கிழக்கிலங்கையின் வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ மாரடைப்போடு அம்புலன்ஸில் ஏற்றப்படும் ஒருவருடைய இதயக் குழாயில் எவ்வளவு பெரிய இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்பதை, குழாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்-கதிரில் பார்க்கும் அஞ்சியோகிராம் சோதனையைச் செய்யும் வரை எவராலும் கண்ணால் காண முடியாது. ஆனால், இதயத்தின் மின்துடிப்பை வரைந்து காட்டும் ஈசீஜியின் இளஞ்சிவப்புக் கட்டத் தாளில் எஸ்.ரீ. பகுதி எனப்படும் கோட்டுத் துண்டு மேலெழும்பி, நெஞ்சின் முன்புறத்தில் பதிவாகும் வி2, வி3 லீட்களில் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டிய எஸ் அலையும் மறைந்திருந்தால், இதயத்தசை கடுமையாகத் தவிக்கிறது என்று வைத்தியர்கள் உணர்வார்கள். இத்தகைய மாற்றங்களைக் கொண்டு கட்டியின் பருமனையும் முன்கூட்டியே கணிக்கலாமா என்று ஆய்வாளர்கள் ஆராய்கிறார்கள். தூரப் பயணத்தில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசையை இழக்கும் நம் கிழக்கு மாகாணத்தவருக்கு இந்த ஆய்வு மிகவும் தேவையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடைப்பைச் சுற்றி இரத்தம் கொண்டுசெல்லும் பக்கக் குழாய்களின் ஓட்டமும், வலி தொடங்கிக் கடந்துபோன நேரமும் அலைகளை மாற்றிவிடுவதால், ஈசீஜி மட்டும் அஞ்சியோகிராமுக்கு ஈடாகாது.