இருக்கலாம்

"அப்ப எங்க அப்பாவும் வரணும்னுதான் நெனச்சிருப்பாகளா டீச்சர்?"

ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். "இருக்கலாம்" என்றேன். மூன்று மாதமாக அந்த ஒரு சொல்லைத்தான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று வகுப்பில் 'கோகோ' போட்டிருந்தேன். 2017இல் பிக்சார் எடுத்த படம். மெக்சிகோவில் நவம்பர் முதல் இரண்டு நாள் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள் அல்லவா, அதுதான் களம். செண்டுப்பூ இதழ்களால் ஆன பாலத்தைக் கடந்து முன்னோர் வீட்டுக்கு வருவார்கள். வீட்டில் அவர்கள் படம் இருந்தால்தான் பாலத்தில் கால் வைக்க முடியும். காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "எங்க வீட்லயும் புதுச்சேலை வச்சுப் படைப்பாக டீச்சர்" என்று ஒருத்தி ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் திருப்பங்களுக்குப் போனேன். கோகோ என்பது பாட ஆசைப்படும் பையனின் பெயர் இல்லை; சக்கர நாற்காலியில் நினைவு மங்கி உட்கார்ந்திருக்கும் அவன் பூட்டியின் பெயர். குடும்பப் படத்தில் ஒரு முகம் மட்டும் கிழிந்திருக்கிறது. மடிந்த ஓரத்தை விரித்தால் ஒரு கிட்டார். அதை வைத்துப் புகழ்பெற்ற பாடகர்தான் தன் முன்னோர் என்று பையன் நம்புகிறான். ஆனால் கிட்டார் எக்டருடையது. விட்டுவிட்டுப் போனவன் என்று குடும்பமே வெறுத்த அந்த எக்டர்தான் கோகோவின் அப்பா. வீட்டுக்குத் திரும்பக் கிளம்பிய இரவில், நண்பன் கொடுத்த நஞ்சால் செத்தவர்.

"அவரு வராம இல்ல, வரவிடல. இதுதான் படத்தோட உள்ளர்த்தம்" என்றேன். எனக்கே தொண்டை அடைத்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் கடிதத்துக்காகக் காத்துக் கிடந்த ஊர் இது.

அப்போதுதான் கேட்டாள். அவள் அப்பா சிங்கப்பூர் போய் நாலு வருஷம். போனும் இல்லை, பணமும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? அத்தனை பிள்ளைகள் முன்னால், 'உங்கப்பா கதை வேற' என்றா?

செவ்வாய்க்கிழமை அவள் அம்மா வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அவுக அப்பா போட்டாவ எங்க மாமனார் மாமியார் படத்துக்குப் பக்கத்துல வச்சு, செண்டுப்பூ போட்டுருக்கா டீச்சர். உசுரோட இருக்க மனுசனுக்கு..."

முடிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார். அப்புறம் மெதுவாக, "எடுன்னா, படம் இருந்தாத்தான் வழி கெடைக்கும்ங்கிறா. எடுக்கவா, வேணாமா?" என்றார்.

பூவை மட்டும் எடுத்துவிடுங்கள், படம் இருக்கட்டும் என்றேன். அதுவும் சரிதானா, தெரியவில்லை. ஒரு முகத்தைக் கிழிப்பதற்கு முன்னால் உண்மை தெரிய வேண்டும் என்பதும் அந்தப் படம் சொல்வதுதானே?

ஆனால் ஒன்றை நான் அழுத்திச் சொல்லவே இல்லை. எக்டர் பாட்டுக்காக வீட்டை விட்டுத் தானாகத்தான் போனார். அவர் மனைவி இமெல்டா அழுதுகொண்டு உட்காரவில்லை. செருப்புத் தைக்கக் கற்று மகளை வளர்த்தாள். அவள் கோபத்துக்கு நியாயம் இருந்தது. என் எதிரில் நின்றவரும் ரவிக்கை தைத்துத்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். நான் எக்டர் பக்கத்தை மட்டும், அதுவும் இமெல்டாவின் பிள்ளையிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் துணி கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியவர்கள் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இல்லை. எதிர்ச் சுவரில், தையல் மிஷினுக்கு நேர் மேலே, பூ இல்லாமல் தனியாக மாட்டியிருந்தது. யார் மாட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.