சின்ன வெப் டூலுக்கு யோசனை தேடியது: ஐந்தில் தேறியது ஒன்று

ஒரே பக்கம், சர்வர் கிடையாது, லாகின் கிடையாது. ஒரு மதிப்பைக் கொடுத்தால் ஒரு விடை வரவேண்டும். இந்த வரம்புக்குள் அடங்கும் யோசனைகளைத் தேடி, சலித்து, ஒன்றைச் செய்து பார்த்த குறிப்பு இது.

முதல் வாரம், சேகரிப்பு

தேடல் பெட்டியில் தமிழிலும் தங்கிலீஷிலும் பாதி வார்த்தை தட்டி, கீழே வரும் பரிந்துரைகளை எழுதிக்கொள்வது வழக்கமான முறை. அதில் சிக்குவது பெரும்பாலும் பலர் ஏற்கெனவே செய்து வைத்த சரக்கு. அதைவிட ஜெராக்ஸ் கடையும் பத்திரம் எழுதும் இடமும் மேல். கால்குலேட்டரில் தட்டி, விடையைப் பேனாவால் காகிதத்தின் ஓரத்தில் குறிக்கிறார்களே, அந்த ஓரத்தைப் பார்க்கவேண்டும். தேறிய ஐந்து: மின் கட்டணம், நகை விலை, போட்டோவின் கேபி குறைப்பு, தமிழ் எழுத்து எண்ணி, பட்டாப் பரப்பைச் சென்ட்டாக்குவது.

இரண்டாம் வாரம், கழிப்பு

மின் கட்டணம் முதலில் போனது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ஆம் யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும். அந்தக் கணக்கை எழுதிவிடலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியது, 2024 ஜூலையில் மறுபடி மாறியது. ஒவ்வொரு தடவையும் யாராவது உட்கார்ந்து திருத்தவேண்டும். திருத்தாத அன்றே டூல் பொய் சொல்ல ஆரம்பிக்கும். நகை விலைக்கும் இதே கதிதான், அங்கே தினமும்.

போட்டோ குறைப்புக்குத் தேவை நிறைய, போட்டியும் நிறைய.

எழுத்து எண்ணி ஆசை காட்டியது. 'தமிழ்' என்பதற்குப் பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும், எழுத்து 3. பிரவுசரிலேயே இருக்கும், எழுத்துகளைப் பிரித்துத் தரும் செக்மென்டர் இதைச் சரியாக 3 என்று பிரிக்கும். ஆனால் 'ஸ்ரீ'யையும் 'க்ஷ'வையும் இரண்டிரண்டாக எண்ணும். அவற்றுக்குத் தனி விதி எழுதவேண்டும். அரை நாள் வேலை. கையில் இந்தக் கேள்வியோடு வருபவர் யார் என்பதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

மூன்றாம் வாரம், பட்டாப் பரப்பு

பரப்பு மாற்றும் பக்கங்கள் ஏராளம். அதைப் பார்த்து இந்த யோசனையையும் கழித்திருக்கலாம். ஆனால் அவை கேட்பது ஒற்றை எண். பட்டாவில் இருப்பது 'ஹெக் - ஏர்' என்ற தலைப்பின் கீழ் '0 - 40.50', அதாவது 0 ஹெக்டேர், 40.50 ஏர். காகிதத்தில் இருக்கும் வடிவமும் பெட்டி கேட்கும் வடிவமும் பொருந்தாத இடம் அகப்பட்டால், போட்டி எவ்வளவு இருந்தாலும் யோசனைக்கு உயிர் உண்டு.

பொருந்தாமை என்ன செய்யும் என்று சோதித்ததில் தெரிந்தவை:

'0-40.50' என்று அப்படியே தட்டினால், தட்டியதை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான பார்ஸ்ஃபுளோட் கோட்டில் நின்று 0 என்று திருப்பும். இது பரவாயில்லை, தப்பு கண்ணில் படும். '1 - 05.50'ஐ ஒருவர் '1.5.50' என்று தட்டினால் 1.5 ஹெக்டேர் என்று எடுத்துக்கொண்டு 370.66 சென்ட் காட்டும். சரியான விடை 260.70. ஒரு ஏக்கருக்கு மேல் வித்தியாசம், எச்சரிக்கை ஒன்றும் வராது.

இன்னொரு கண்ணி ஏருக்குப் பின்னால் வரும் புள்ளி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர். ஆகவே 4 ஏர் 5 சதுர மீட்டர் என்பது 4.05, வாய்ப்பேச்சில் 'நாலு புள்ளி அஞ்சு' ஆகி 4.5 என்று ஏறிவிடுகிறது. 45 சதுர மீட்டர், அதாவது 484 சதுர அடி கூடிப்போகும். ஒரு சென்ட்டே 435.6 சதுர அடிதான்.

தீர்வு, மூன்று பெட்டிகள்: ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர். மூன்றிலும் முழு எண் மட்டும். '40.50' என்று ஏர் பெட்டியில் விழுந்தால் 50ஐத் தானே மூன்றாவது பெட்டிக்குத் தள்ளும். '40.5' என்று ஒற்றை இலக்கமாக வந்தால் தள்ளாது. 5-ஆ, 50-ஆ என்று கேட்கும். ஏர் 99-ஐத் தாண்டினால் பெட்டி சிவக்கும். போனில் எண் விசைப்பலகை மட்டும் வந்தால் போதும். சில போன்களில் அதில் கோட்டுக் குறியே இருக்காது, ஒற்றைப் பெட்டியைக் கைவிட அதுவும் ஒரு காரணம்.

உள்ளே எல்லாவற்றையும் சதுர மீட்டராக்கி, கடைசியில் ஒரு சென்ட்டின் சதுர மீட்டரான 40.4686 ஆல் வகுக்கவேண்டும். பலர் செய்வதுபோல் ஏரை 2.47 ஆல் பெருக்கினால், 40.50 ஏருக்குச் சுமார் 19 சதுர அடி குறையும். விடை '260.70 சென்ட்' என்று மட்டும் இல்லாமல் '2 ஏக்கர் 60.70 சென்ட்' என்றும் வரவேண்டும், பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். கூடவே சதுர அடி. சென்னைக்காரர்களுக்கு 2400-ஆல் வகுத்த கிரவுண்ட்.

நான்காம் வாரம், மிச்சம்

குழி கணக்கைச் சேர்க்கவில்லை. தஞ்சைப் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. வேறு ஊர்களில் அதே குழிக்கு வேறு அளவு. பட்டியலில் மாவட்டப் பெயர் போட்டு நிரப்பினால் யாராவது நம்பிவிடுவார்கள். இப்போதைக்கு 'உங்கள் ஊரில் ஒரு குழி எத்தனை சதுர அடி?' என்று ஒரு காலிப் பெட்டி மட்டும் யோசனையில் இருக்கிறது.