காலி மனைகள் இருந்த தெரு

அப்பா இங்கே மனை வாங்கியபோது, “அந்தக் காட்டுலயா குடியிருக்கப் போறீங்க?” என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்கணும். தெருவில் நாலைந்து வீடுகள்தான், மற்றதெல்லாம் காலி மனை. எல்லைக்கல்தான் எங்கள் ஸ்டம்ப். மழை பெய்தால் ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம். தேங்கிய தண்ணீர் சில நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். கிணறு நிரம்பிக் கிடக்கும்.

அப்புறம் மனைகள் நிரம்பின. வாசல்வரை சிமெண்ட் பூசியதில் மழைநீர் இறங்க இடமில்லை. ஆளாளுக்கு ஆழ்துளைக் கிணறு போட, எங்கள் கிணறு வற்றிப்போனது.

என்னால் தாங்கிக்கொள்ளவே முடியாதது சாலைதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டார்கள். படியேறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போகிறோம். வானம் இருட்டினாலே அம்மா பீரோவின் அடித்தட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிடுகிறார். கீழே இருந்த கல்யாண ஆல்பம் ஒரு மழையில் நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனது.

ஆனாலும் இந்தத் தெருவை விட்டுப் போக மனசில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகலாம், இன்றைக்கும்.

அடுத்த முறை பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் சாலை போடணும் என்று மனு எழுதியிருக்கிறேன். தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள்.