தோள் மாறும் காவடி

தைப்பூசத்துக்கு ஊர் உலகமே பழனிக்கு நடக்கும். பங்குனி உத்திரம் மட்டும் எங்களுடையது என்று கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்துப்போய் முருகனுக்கு அபிஷேகம் செய்வது வழிவழியாக வருகிற தீர்த்தக் காவடி. பங்குனி வெயிலில், ஒன்பது நச்சுப் பொருள்களால் செய்ததாகச் சொல்லும் நவபாஷாண மூர்த்தியைக் குளிர வைக்க வேண்டுமே!

தெற்கே ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் இடம் கொடுமுடி. விடியும் முன்பே முழுக்குப் போட்டோம். கலசங்களில் நீர் மொண்டு, மகுடேசுவரர் கோயில் வன்னி இலையைப் போட்டு, வாயைத் துணியால் கட்டினோம். இத்தனை வருடமும் கூட நடந்ததோடு சரி. காவடி எடுத்தது இந்த வருடம்தான்.

ஒரு மைல்கூடப் போகவில்லை, தோள் கன்றிவிட்டது. காவடித் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நடந்தேன். வழியில் ஓர் ஊர் முகப்பில் பம்பையும் உருமியும் சேர்ந்து முழங்க, மற்றவர்கள் ஆடத் தொடங்கினார்கள். நான் ஓரமாக ஒதுங்கினேன். மாமா விடவில்லை.

"கையை எடு கண்ணு. புடிச்சாத்தான் கனக்கும்."

"உழுந்துருமுங்க மாமா."

"ஆடு, உழுகாது."

அவர் ஆடியதைப் பார்த்தேன். முழங்காலைச் சற்று மடக்கி, அடிக்கு அடி உடம்பைத் திருப்ப, வலது தோளில் கிடந்த காவடி பிடரி வழியாக உருண்டு இடது தோளுக்கு வந்துவிட்டது. கை படவே இல்லை. மயிற்பீலி மட்டும் ஒருமுறை சிலிர்த்தது. ஆட்டம் வெறும் அலங்காரம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். பாரம் ஒரே இடத்தில் உட்காராமல் பார்த்துக்கொள்ளும் வித்தையும் அதில் இருக்கிறது. அகத்தியர் சொல்லிச் சிவகிரியையும் சக்திகிரியையும் சுமந்து வந்த இடும்பன், பழனியில் களைப்பாற இறக்கி வைத்தான். மறுபடி தூக்க முடியவில்லை. அவனும் நின்ற இடத்திலேயே ஆடித் தோள் மாற்றியிருந்தால் நமக்குப் பழனி மலை கிடைத்திருக்காது!

எனக்கு அந்த வித்தை தாராபுரம் தாண்டிய பிறகுதான் கொஞ்சம் பிடிபட்டது. அதற்குள் இரண்டு முறை காவடி சரிந்து, பக்கத்தில் வந்தவர்கள் தாங்கினார்கள்.

மலைப்படியில் இடும்பன் சந்நிதியில் கும்பிட்டு மேலே ஏறினோம். தீர்த்தத்தை ஒப்படைக்கும்போது என் கலசங்களில் ஒன்று கால்வாசி குறைந்திருந்தது. கூச்சத்தோடு மாமாவைப் பார்த்தேன்.

"வர்ற வழியிலயே முருகன் தாகம் எடுத்துக் குடிச்சிருப்பான், உடு" என்றார்.