கடையடைக்காத துக்கம்

எங்கள் ஊரில் பெரிய தலைவர் யாராவது இறந்துவிட்டால், செய்தி வந்து சேரும் முன்பே ஷட்டர் இறங்கும் சத்தம் வந்துவிடும். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோதும் சரி, 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோதும் சரி, மதுரையில் பஸ் ஓடவில்லை, டீக்கடை திறக்கவில்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பாலுக்கு என்ன செய்வது என்பதுதான் வீட்டில் முதல் கவலை. ஒரு நாட்டின் துக்கம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தோடுதான் 1999-இல், 2000-ஆம் ஆண்டுக்குக் கணினிகளைத் தயார்செய்யும் ஒய்2கே வேலையின் புண்ணியத்தில் கிடைத்த ஹெச்-1பி வேலை விசாவோடு, நியூ ஜெர்சியில் வந்து இறங்கினேன்.

வந்த புதிதில் பார்த்தது துக்கம் இல்லை, கூத்து. 2000 நவம்பரில் புஷ்ஷும் அல் கோரும் மோதிய அதிபர் தேர்தல். ஃபுளோரிடாவில் துளை போட்ட வாக்குச்சீட்டை அதிகாரிகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துண்டு விழுந்திருக்கிறதா, தொங்குகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாரக்கணக்கில் டிவியில் இதேதான். “சேஷன் மாதிரி ஒரு ஆள் இந்த ஊர்ல இல்லையாடா?” என்று கேட்டான் அறைத்தோழன். நம்மூர்த் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷனைச் சொல்கிறான். அப்படி ஒரு ஆளே இருந்தாலும் உட்கார நாற்காலி கிடையாது, நாடு முழுக்கத் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் இங்கே இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம், மாவட்டம் மாதிரியான ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒரு வாக்குச்சீட்டு. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்த, ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து புஷ் அதிபரானார். ஒரு பஸ் கண்ணாடி உடையவில்லை. அடுத்த மே மாதம் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரத்தில் ஓட்டு. “பட்டனை அமுக்கினேன், கீன்னு சத்தம் வந்துச்சு, முடிஞ்சுபோச்சு” என்றார் அம்மா. அதை ஆபீசில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

அப்புறம் 2001 செப்டம்பர் 11.

எங்கள் ஆபீஸ் ஜெர்சி சிட்டியில் எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் அருகே, ஹட்சன் கரையில். ஆற்றுக்கு நேர் எதிரே, மன்ஹாட்டனில், உலக வர்த்தக மையத்தின் அந்த இரண்டு கோபுரங்கள். முதல் விமானம் மோதியது காலை 8:46-க்கு. ஏதோ சின்ன விமானம் வழி தப்பி வந்துவிட்டது என்று பேசியபடி கரையில் கூட்டமாக நின்றிருந்தோம். 9:03-க்கு இரண்டாவது மோதியதும் பேச்சு நின்றது. 9:59-க்குத் தெற்குக் கோபுரமும் 10:28-க்கு வடக்குக் கோபுரமும் சரிந்தன. தொலைக்காட்சியில் உலகமே பார்த்ததுதான், அதை விவரிக்க வேண்டியதில்லை.

டிவியில் அதிகம் காட்டாதது படகுகளை. ஃபெர்ரி, இழுவைப்படகு, சுற்றுலாப் படகு என்று கையில் கிடைத்ததிலெல்லாம் மன்ஹாட்டனிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து எங்கள் கரையில் இறக்கினார்கள். தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூசிய மனிதர்கள். நாங்கள் ஆபீஸ் பேன்ட்ரியிலிருந்த தண்ணீர் பாட்டில்களை அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தோம். குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிய ஒரு பெண் என்னிடம், “இது எந்த ஊர்?” என்று கேட்டார். தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கக்கூடிய ஊர். சொன்னேன். அவர் திரும்பி, வந்த திசையைப் பார்க்காமல், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல், மேற்கே நடக்க ஆரம்பித்தார்.

மதுரைக்கு லைன் கிடைக்க இரவாகிவிட்டது. அழுது முடித்ததும் அம்மா கேட்டது, “அரிசி பருப்பெல்லாம் இருக்கா? எத்தனை நாளைக்குக் கடையை மூடுவாங்க?”

மூடவில்லை. விமானங்கள் நின்றன, பங்குச் சந்தை நின்றது. ஆனால் மறுநாள் நியூவார்க் அவென்யூவில் நாங்கள் வழக்கமாகப் போகும் குஜராத்தி மளிகைக் கடை திறந்திருந்தது. கண்ணாடிக் கதவில் ஊதுபத்தி விளம்பரத்துக்கு மேலே புதிதாக ஒரு அமெரிக்கக் கொடி. அது துக்கமும்தான், தற்காப்பும்தான். 1987-இல் அதே ஜெர்சி சிட்டியில் இந்தியர்களை அடித்து விரட்டவென்றே ஒரு கும்பல் கிளம்பியதைக் கடைக்காரர் நேரில் பார்த்தவர். அவர் பயந்தது வீணில்லை. செப்டம்பர் 15 அன்று அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில், பெட்ரோல் பங்க் வைத்திருந்த சீக்கியர் ஒருவரைத் தலைப்பாகையைப் பார்த்தே ஒருவன் சுட்டுக் கொன்றான். 17-ஆம் தேதி, திங்கட்கிழமை, பங்குச் சந்தை திறந்தது. நாங்களும் வேலைக்குப் போனோம். எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் ரயில் நிலையம் மூடிக் கிடந்ததால் குரோவ் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடை. காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாட்களில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வரும். அங்கே நெருப்பு முழுதாக அணைய டிசம்பர் ஆனது. இறந்த 2,977 பேரில் 700-க்கும் மேற்பட்டவர்கள் நியூ ஜெர்சிக்காரர்கள்.

அந்த அக்டோபரில் ஆந்த்ராக்ஸ் கடிதங்கள் வேறு. அந்த நோய்க்கிருமித் தூள் அடைத்த உறைகள் எங்கள் மாநிலத்தில், பிரின்ஸ்டன் தபால் பெட்டி ஒன்றில் போடப்பட்டு, ஹாமில்டன் தபால் நிலையம் வழியாகப் போயிருந்தன. விசா நீட்டிப்பு, கிரீன் கார்டு என்று விதியே தபாலில் வரும் கூட்டம் நாங்கள். பயந்துகொண்டு எத்தனை நாள் பிரிக்காமல் வைப்பது? சமையலறைக் கையுறையை மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்று பிரித்தோம்.

இந்த ஊர் துக்கம் எங்கே தெரியும் என்று பிடிபடச் சில வருடங்கள் ஆயின. தபால் நிலையக் கொடிக்கம்பத்தில் தெரியும். கொடி பாதியில் நின்றால் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது. உள்ளே வரிசை வழக்கம்போல நகரும்.

இதில் எனக்குக் கோபம் வந்தது 2012-இல். டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை, கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். என் மகளும் அப்போது முதல் வகுப்பு. ஒன்றரை மாதம் முன்பு சாண்டி புயலில் கரண்ட் இல்லாமல் பள்ளிக்கு விடுமுறை விட்ட நியூ ஜெர்சியில் நாங்கள் அப்போது குடியிருந்த எடிசனில், திங்கட்கிழமை மணி அடித்து வகுப்பு தொடங்கியது. வாசலில் ஒரு போலீஸ் கார் கூடுதலாக நின்றது, அவ்வளவுதான். நியூ ஜெர்சிச் சட்டப்படி மாதம் ஒரு பாதுகாப்புப் பயிற்சி பள்ளிகளில் உண்டு. மகள் ஒருநாள் வீட்டில் அதை நடித்துக் காட்டினாள். விளக்கை அணைத்தாள். ஜன்னலிலிருந்து தெரியாத மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். “பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, யார் தட்டினாலும் திறக்கக் கூடாது” என்றாள். தும்மல் வந்தால்? சட்டை முழங்கைக்குள் தும்ம வேண்டுமாம். ஒரு நாளாவது நாடு மொத்தமும் கடையடைத்து, இது எப்படி நடந்தது என்று உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கடையடைப்பை எவ்வளவு திட்டினாலும், அன்று நடந்ததை யாரும் பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

கிரீன் கார்டு வரிசையில் தவம் கிடந்து, ஒருவழியாக 2019-இல் குடியுரிமைத் தேர்வு. அப்போதிருந்த விதிப்படி 100 கேள்விகளில் 10 கேட்டார்கள், 6 சரியாகச் சொன்னால் போதுமாக இருந்தது. 86-ஆவது கேள்வி: 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் என்ன நடந்தது? பதில் ஒரே வரி, பயங்கரவாதிகள் அமெரிக்காவைத் தாக்கினார்கள். என்னிடம் அதைக் கேட்கவில்லை. மிசிசிப்பி ஆற்றைப் பற்றிக் கேட்டார்கள்.

முதல் ஓட்டு 2020-இல், கொரோனா காரணமாகத் தபாலில். கமலா ஹாரிஸ் மேடையில் “சித்தி” என்று சொன்னதற்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஆரவாரத்தை விட்டுவிடலாம். 2021 ஜனவரி 6 அன்று, அந்தத் தேர்தல் முடிவை உறுதிசெய்வதற்காகக் கூடியிருந்த நாடாளுமன்றத்துக்குள், தோற்ற டிரம்ப்பின் ஆதரவாளர் கும்பல் கதவை உடைத்துப் புகுந்தது. மதுரையிலிருந்து தம்பி, “அங்கேயும் வந்துருச்சா?” என்று கேட்டு மெசேஜ் அனுப்பினான். ஆனால் இரவு எட்டு மணிக்கெல்லாம் அதே மண்டபத்தில் அவை மறுபடி கூடியது. விடிய விடிய எண்ணி, அதிகாலை மூன்றே முக்காலுக்குச் சற்று முன்பு முடித்தார்கள். 2012-இல் எனக்கு எரிச்சல் தந்த அதே குணம்தான். அன்று மட்டும் நிறுத்தாமல் நடத்தியது சரி என்று பட்டது.

நள்ளிரவுக்கு மேல் எடுத்த ஒரு புகைப்படம் மறுநாள் எங்கும் சுற்றியது. நீலக் கோட்டு போட்ட ஓர் உறுப்பினர் நடுக்கூடத்தில் மண்டியிட்டு, கும்பல் விட்டுப்போன பாட்டில்களையும் குப்பையையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கொரியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகன், எங்கள் நியூ ஜெர்சிக்காரர், ஆண்டி கிம். 2024-இல் அவர் செனட்டுக்கு நின்றார். மருத்துவச் செலவு, வரி என்று அவர் சொன்னதையெல்லாம் படித்துப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டேன் என்று மகளிடம் சொன்னேன். “குப்பை பொறுக்குனதுக்குப் போடலையா?” என்றாள். அதற்கும்தான்.