ஒரு மீனுக்கு ஒரு திருத்தம்

அச்சில் வந்த என் முதல் பெரிய தவறு ஒரு மீனைப் பற்றியது. பயணக் கட்டுரை எழுத ஆரம்பித்து அப்போது மூன்றாவது வருடம். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் ஐந்து நாள், திரும்பி வந்ததும் நான்கு பக்கம். "சாப்பாடு நிறைய இருக்கட்டும்" என்பதுதான் ஆசிரியர் சொல்லி அனுப்பிய ஒரே விஷயம். நிறையவே வைத்தேன். அதில் ஒரு வரி: "தங்கள் கரையில் பிடிக்கும் காட் மீனை உப்பிட்டு உலர்த்தி, ஆயிரம் விதமாகச் சமைக்கிறார்கள்."

அடுத்த மாதம் ஒரு வாசகர் கடிதம் வந்தது. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். போர்ச்சுகல் கரையில் காட் மீன் கிடையாது, அது குளிர்கடல் மீன் என்று எழுதியிருந்தார். கட்டுரையாளர் தூத்துக்குடிக்காரர் என்று வேறு போட்டிருக்கிறீர்களே என்று கடைசியில் ஒரு குத்து.

தவறு எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நான் போனது ஜூன் மாதம், அந்தோணியார் திருவிழா சமயம். நாம் பதுவை அந்தோணியார் என்று கும்பிடும் அதே புனிதர்தான். அவர் இத்தாலியின் பதுவையில் இறந்தாரே தவிர, பிறந்தது லிஸ்பனில். ஊர்க்காரர்கள் அதை இன்றைக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஜூன் 12 இரவு அல்ஃபாமா என்னும் பழைய பகுதியின் சந்துகளில் கரி அடுப்பு வைத்து மத்தி மீனைச் சுடுகிறார்கள். எங்கள் ஊரில் அதற்குச் சாளை என்று பெயர். ரொட்டித் துண்டின் மேல் முழு மீனை வைத்துத் தருவார்கள், எண்ணெய் இறங்கி ரொட்டி ஊறிவிடும். அது அந்தக் கடல் மீன். மறுநாள் காலை ருவா டோ அர்சனால் தெருவில் பலகை பலகையாக அடுக்கிவைத்த உப்பிட்ட காட் மீனைப் பார்த்தேன். சில நிமிட நடையில் கடல்போல் அகன்ற தேஜோ ஆறு. இதுவும் இங்கே பிடித்ததுதான் என்று முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாததுதான் தவறு.

அடுத்த இதழின் ஓரத்தில் மூன்று வரித் திருத்தம் போட்டார்கள். எனக்கு ஆறவில்லை. சில வருடம் கழித்து ஸ்பெயினுக்கு வேறு வேலையாகப் போனபோது, சொந்தக் காசில் ரயில் ஏறி, போர்ச்சுகலின் கடலோர ஊரான அவெய்ரோவுக்குப் போனேன்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது உப்பளம். பாத்தி கட்டி, கடல் தண்ணீரை ஏற்றி, வெயிலில் காயவிட்டு, கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருந்தார்கள். தூத்துக்குடியை யாரோ சுருக்கி, வெயிலைக் குறைத்துவைத்த மாதிரி இருந்தது. பக்கத்து ஊரான ஈல்யாவுவில் 1937-இல் தொடங்கிய கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பகுதி ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் காட் பிடிக்கப் போனவர்கள். எங்கே? அட்லாண்டிக்கின் அடுத்த கரைக்கு: நியூஃபவுண்ட்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும்.

போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே போய்விட்டார்கள். வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498-ஐ நம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அதே நாட்டுக்காரர்கள் மேற்கே மீன் தேடிப் போனதை யாரும் சொல்லவில்லை. கத்தோலிக்க நாடு, தவக்காலம், வெள்ளிக்கிழமை என்று வருடத்தில் இறைச்சி தொடக்கூடாத நாட்கள் ஏராளம். ஐஸ் கிடையாது. சொந்தக் கடலில் கிடைக்கும் மத்தி எண்ணெய் மீன், உப்பிட்டாலும் நெடுநாள் தாங்காது, சிக்கு வாடை அடிக்கும். காட் மீனில் கொழுப்பு மிகக் குறைவு. உப்பில் போட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மலைநாட்டுக் கிராமம்வரை கழுதை முதுகில் போய்ச் சேரும். தங்கள் கடலில் இல்லாத மீன் ஒரு கடலோர நாட்டின் தேசிய உணவானது இப்படித்தான். அவர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'விசுவாசமான நண்பன்'.

என்னை அதிகம் உலுக்கியது 20-ஆம் நூற்றாண்டுக் கதைதான். சலாசாரின் சர்வாதிகார அரசு 1934-இல் காட் வணிகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. மக்களுக்கு மலிவாக மீன் வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். பாய்மரக் கப்பல் வசந்தத்தில் புறப்பட்டால் திரும்ப ஆறு மாதம் ஆகும். அங்கே போய்ச் சேர்ந்ததும் கப்பலில் அடுக்கிவைத்த டோரி என்னும் சிறு படகுகளை ஒவ்வொன்றாகக் கடலில் இறக்குவார்கள். ஒரு படகுக்கு ஒரே ஆள். துடுப்பு, நூற்றுக்கணக்கான தூண்டில் முள் கோத்த நீளக் கயிறு, அவ்வளவுதான் துணை. பனிமூட்டம் இறங்கினால் கப்பல் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஊதும் சத்தத்தை வைத்துத் திரும்ப வேண்டும். திரும்பாதவர்களும் உண்டு. வந்தவர்கள் உடனே படுக்கப் போக முடியாது. தலை வெட்டி, வயிறு கீறி, முள் எடுத்து, உப்பு தடவி அடுக்கி முடித்தால்தான் தூக்கம். ஊரில் அதைக் காயவைத்துப் புரட்டிப் போட்ட வேலை பெண்களுடையது.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஏன் போனார்கள்? வறுமை ஒரு காரணம். இன்னொன்று, காட் கப்பலில் போனவனுக்கு ராணுவ சேவையிலிருந்து விலக்கு உண்டு. 1961-இலிருந்து அங்கோலா, கினி, மொசாம்பிக் என்று காலனிப் போர்கள் நடந்த காலத்தில், இளைஞன் ஒருவன் துப்பாக்கியைவிடப் பனிமூட்டம் பரவாயில்லை என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாடு என்று காட்டுவதற்காகக் கப்பல்களுக்கு வெள்ளை அடித்தார்கள். அப்படியும் 1942-இல் இரண்டு கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. டோரி மீன்பிடிப்பு 1970-களில் முடிந்தது. 1992-இல் கனடா, மீன்வளம் வற்றிவிட்டதென்று நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் பிடிப்பதற்கே தடை போட்டது. இன்று போர்ச்சுகல் தட்டில் விழுவது பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து மீன்.

அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி உண்டு. அதில் உயிருள்ள காட் மீன்கள் நீந்துகின்றன. தாடையில் ஒற்றை மீசை, பழுப்புப் புள்ளி, சோம்பேறித்தனமான நீச்சல். என் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் இரவில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஆலிவ் எண்ணெயோடு இதையேதான் அவர்கள் வீட்டில் வேகவைத்திருப்பார்கள். தலையோடு, உயிரோடு பார்ப்பது அவர்களுக்கும் அனேகமாக அதுதான் முதல் தடவை. என் தவறின் கனம் அங்கே கொஞ்சம் குறைந்தது.

அன்று மதியம் சாப்பிட்டது பிராஸ் முறைக் காட். நார் நாராகக் கிழித்த மீன், தீக்குச்சி கனத்தில் வறுத்த உருளைக்கிழங்கு, இளகலாகக் கிளறிய முட்டை. கேட்காமலே மேஜையில் வைத்த ரொட்டியும் ஆலிவும் பில்லில் ஏறின. முதல் பயணத்தில் இதையும் ஏமாற்று என்று எழுதியிருந்தேன். தொடாமல் இருந்தால் காசு கிடையாது என்ற வழக்கம் பிறகுதான் தெரிந்தது. அதற்கு யாரும் கடிதம் போடவில்லை, தப்பித்தேன்.

இப்போதெல்லாம் ஐரோப்பாவில் எந்த ஊர் ஓட்டலில் உட்கார்ந்தாலும், ருசி எப்படி என்று குறிப்பெடுக்கும் முன்பு இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிடுகிறேன். பரிமாறுகிறவர்கள் சில சமயம் விநோதமாகப் பார்ப்பார்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. உள்ளே போய்க் கேட்டு வருவார்கள், அப்புறம் சமையல்காரரே வெளியே வருவார். கட்டுரை அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஊருக்கு வந்தபோது அத்தையிடம் படங்களைக் காட்டினேன். நெத்திலியிலிருந்து சீலா வரை காயவைத்து விற்ற கை அவளுடையது. அந்த வெள்ளைப் பலகைகளைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உப்பை எப்படிப் போக்குவார்கள் என்று கேட்டாள். தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறவைப்பார்கள் என்றேன்.

"ரெண்டு நாளா? அப்ப அது கருவாடே இல்லல்லா. உப்பை எடுத்துட்டுத் திரும்ப மீனாக்கில்லா திங்காங்க."

அடுத்த கட்டுரையில் அந்த வரியை என் சொந்த வரியாகவே போட்டுக்கொண்டேன். ஆசிரியர் அதற்கு மட்டும் தனியாகப் பாராட்டு அனுப்பினார்.