திரைச்சீலை, புகை, கண்ணாடி: ‘ஹை அண்ட் லோ’ நாட்குறிப்பு

ஜூன் 3

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் படம் ‘ஹை அண்ட் லோ’, 1963. ஜப்பானியத் தலைப்புக்கு ‘சொர்க்கமும் நரகமும்’ என்று பொருள். மேட்டில் ஷூ கம்பெனி நிர்வாகி கோண்டோவின் பங்களா, கீழே புழுங்கும் யோக்கோஹாமா நகரம். மேடு சொர்க்கம், பள்ளம் நரகம் என்று அத்தோடு முடித்துக்கொண்டால் படத்தில் பாதி கைவிட்டுப் போகும். ஹாலுக்குள்ளேயே ஓடும் முதல் ஒரு மணி நேரத்தில் திரைச்சீலையைக் கவனியுங்கள். அதைத் திறக்கச் சொல்லிக் கடத்தல்காரன் போனில் சொன்னதும், வந்திருக்கும் போலீஸ் தரையோடு தரையாகப் பதுங்குகிறது. பள்ளத்தில் இருப்பவன் பார்க்கிறான், மேட்டில் இருப்பவர்கள் ஒளிகிறார்கள்.

ஜூன் 4

கேட்ட தொகை 3 கோடி யென். கடத்த நினைத்தது கோண்டோவின் மகனை, ஆனால் தூக்கிப் போனது அவருடைய டிரைவரின் பையனை. பிள்ளைகள் விளையாட்டில் உடுப்பை மாற்றிக்கொண்டதால் வந்த குழப்பம். கொடுத்தால் கோண்டோ நடுத்தெருவுக்கு வருவார். கொடுக்கிறார்.

பணத்தை ஓடும் ரயிலிலிருந்து வீச வேண்டும்; பணப்பை 7 செ.மீ. கனத்துக்கு மேல் போகக்கூடாது. ரயில் கழிவறை ஜன்னல் அவ்வளவுதான் திறக்கும். பைக்குள் ரசாயனக் குப்பிகளை மறைத்துத் தைக்க கோண்டோ தன் பழைய செருப்புத் தையல் கருவிகளை எடுக்கிறார். தண்ணீரில் போட்டால் நாற்றம், எரித்தால் இளஞ்சிவப்புப் புகை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தப் புகைக்கு மட்டும்தான் நிறம். முதல் காட்சியில் மட்டமான ஷூவைப் பிய்த்தெறிந்த அதே கைதான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது; முதலாளியின் பணத்தால் முடியாததைத் தொழிலாளியின் ஊசி முடிக்கிறது.

ஜூன் 6

சிகரெட் காட்சி. கடைக் கண்ணாடிக்குள் ஷூக்களைப் பார்த்து நிற்கும் கோண்டோவிடம் யாரோ நெருப்பு கேட்கிறான். கொடுக்கிறார். கேட்டவன் தாகேயுச்சி, கடத்தல்காரன். பின்தொடரும் போலீசுக்குத் தெரியும், கோண்டோவுக்குத் தெரியாது. வசனத்தை விடுங்கள், கைகளைப் பாருங்கள்.

ஜூன் 7

படத்தின் உண்மையான முள் இங்கேதான். உடனே பிடித்தால் கடத்தலுக்கு 15 வருடம்தான் கிடைக்கும். தூக்குக்கு அனுப்ப, ஹெராயினால் கூட்டாளிகளைக் கொன்றவன் இவன்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்காகவே வெளியில் விட்டு வைக்கிறார்கள். அவனோ ஹெராயினின் வீரியத்தைச் சோதிக்க, போதைக்கு அடிமையான ஒரு பெண்ணுக்கு ஏற்றிக் கொல்கிறான். அவள் பெயர்கூட நமக்குத் தெரியவராது. டிரைவர் மகனின் உயிருக்கு கோண்டோ சொத்தையே கொடுத்தார். இவள் உயிருக்குச் சட்டம் எதையும் கொடுக்கவில்லை. போலீஸ் வேட்டையின் விறுவிறுப்பில் இதைத் தவறவிடுவது சுலபம். கைதட்ட வைத்துக்கொண்டே குரோசவா நம்மையும் பங்காளியாக்குகிறார்.

ஜூன் 9

பணம் மீண்டது, ஆனால் அதற்குள் பங்களா ஏலத்துக்குப் போய்விட்டது. சிறைச் சந்திப்பில் நடுவே கம்பிவலையும் கண்ணாடியும். அதில் கோண்டோவின் பிம்பம் தாகேயுச்சியின் முகத்தின்மேல் வந்து படிகிறது. வெளிச்சம் ஒரு பக்கம் கூடினாலும் இது கலைந்துவிடும். இரு பக்கமும் அளந்து வைத்த ஒளி. சப்டைட்டிலை அணைத்து ஒருமுறை பாருங்கள். தாகேயுச்சி வலையைப் பிடித்து அலறுகிறான், காவலர்கள் இழுத்துப் போகிறார்கள். இரும்புக் கதவு சடாரென்று இறங்குகிறது. நாற்காலியில் கோண்டோவின் முதுகு மட்டும்.